யார் கட்டிய வீடு?

ஊர் பார்க்கப் போகிறவர் எவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. காசிக்குச் சென்றவர் கங்கை நீரைச் செம்பில் அடைத்து வந்தார். இராமேசுவரம் சென்றவர் சங்கு கொண்டுவந்தார். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர் திருநீற்றை மடியில் முடிந்து வந்து அயலவருக்குப் பங்கிட்டார். இவை யாவும் அந்தந்த இடத்தின் துணுக்குகள். இன்றைய பயணியோ துணுக்கை விட்டுவிட்டு, இடம் முழுவதையுமே சிறிதாக்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறான். பாரிசின் இரும்புக் கோபுரம் திறப்புக் கோவையில் தொங்குகிறது. ஆக்ராவின் சலவைக்கல் மாளிகை கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்து மேசையை அலங்கரிக்கிறது. துணுக்கிலிருந்து சிற்றுருவுக்கு நிகழ்ந்த இம்மாற்றத்தை வெறும் இரசனை மாற்றமென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அதனுள்ளே ஓர் அறவியற் கேள்வி கிடக்கிறது. அக்கேள்வியை என் வீட்டு விறாந்தையில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடமே கேட்டுவிட்டான். ஆகவே எழுதுகிறேன்.

அச்சிறுவன் என் மகளின் மகன்; ரொறன்ரோவிற் பிறந்து வளர்பவன். சென்ற விடுமுறைக்குத் தாயுடன் இந்தியா வழியாக யாழ்ப்பாணம் வந்தான். வழியில் ஆக்ராவைக் கண்டிருக்கிறார்கள். அதன் ஞாபகமாக அவனுக்கு வாங்கிக் கொடுக்கப்பட்டது ஒரு காகிதப் பெட்டி. உள்ளே 2022 சிறு பிளாஸ்ரிக் துண்டுகளும் ஒரு கையேடும் இருந்தன. லெகோ என்னும் டென்மார்க்கு நிறுவனம் உலகின் பேர்பெற்ற கட்டடங்களைச் சிற்றுருவாக விற்பதற்கென 2008ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு வரிசையை வெளியிட்டு வருகிறது. அவ்வரிசையில் 2021இல் வந்த தாஜ்மகால் இது. மூன்று நாட்கள் விறாந்தைச் சீமெந்து நிலத்தில் குப்புறப் படுத்தபடியே அவன் அதைக் கட்டி முடித்தான். மினார்கள் எழுந்தன, குவிமாடம் ஏறியது. சாணேறினால் முழமாகாத அந்த மாளிகையை அவன் தூக்கிக் காட்டியபோது, உண்மையாகவே நான் கைதட்டினேன்.

அப்போது கதிரையில் இருந்த என் பழைய நண்பர், நெடுங்காலம் தொழிற்சங்கத்தில் உழைத்தவர், சிரித்துக்கொண்டே, "முதலாளி துண்டு துண்டாய் வித்ததைப் பேரன் கூலியில்லாமல் பொருத்திக் குடுத்திருக்கிறான்" என்றார். நல்ல பகிடிதான், ஆனால் அது முழு உண்மையன்று. அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஓலே கேர்க் கிறிஸ்தியான்சன் ஒரு கிராமத்துத் தச்சன். 1930களின் பொருளாதார மந்தம் டென்மார்க்கின் பில்லுண்ட் கிராமத்தையும் தாக்கி வீடு கட்டுவோர் இல்லாது போனபோது, வீட்டு வேலை செய்த அதே கைகளால் 1932இல் மர விளையாட்டுப் பொருட்களைச் செய்யத் தொடங்கினான். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிய மொழிச் சொற்களின் சுருக்கமே லெகோ. இன்று நாம் காணும் கட்டைக்கு 1958 ஜனவரி 28ஆம் திகதி காப்புரிமை கோரப்பட்டது. அவ்வாண்டிலேயே அத்தச்சன் இறந்தான். 1960இல் மரப் பொருட்களை வைத்திருந்த களஞ்சியம் தீப்பற்றி அழிந்த பின்னர் மரவேலையை நிறுவனம் கைவிட்டது. வேலையிழந்த தச்சனின் பிழைப்பாகப் பிறந்த பொருள் பின்னர் உலகச் சந்தையை ஆளும் பண்டமாயிற்று. இதிலே நமக்குப் புதிதாக ஒன்றுமில்லை. சிந்திக்க வேண்டியது வேறொன்று.

எட்டுக் குமிழ் கொண்ட ஒரே அளவான கட்டைகள் ஆறினை ஒன்றோடொன்று பொருத்துவதற்கு 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 வழிகள் உண்டெனக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறே ஆறு கட்டைகள்! குழந்தையின் கையில் இத்தனை பெரிய சுதந்திரத்தைக் கொடுத்த பொருள் வேறு உண்டோ? ஆயின் ஞாபகப் பொருளாக விற்கப்படும் பெட்டியிலே ஒரே ஒரு வழிதான் உண்டு. கையேட்டின் முதற் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரையில் சென்றாற் தாஜ்மகால் வரும், வேறெதுவும் வரலாகாது. விளையாட்டுப் பொருளாக இருந்தவரை அது கேள்வி. ஞாபகப் பொருளானதும் அது விடை.

நம் பிள்ளைகள் மணலிற் கட்டிய சிற்றிலுக்குக் கையேடு இல்லை. ஈர மணலைக் காலின்மேற் குவித்துத் தட்டி, காலை மெல்ல உருவி எடுத்தால் வீடு. பூவரசங் குழை நட்டால் வேலி. சிரட்டையை வைத்தாற் கிணறு. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றில் சிதைத்தலை ஆண்பாற் பருவங்களில் ஒன்றாகவே வைத்தனர். கட்டுகிறவள் சிறுமி, காலால் உதைப்பவன் சிறுவன் என்ற அந்தப் பங்கீடு நம் சமூகத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பது தனியே எழுதப்பட வேண்டிய விடயம். இங்கே நான் சொல்ல வருவது இவ்வளவே: சிற்றிலை எவரும் ஊருக்குக் கொண்டுபோனதில்லை. மாலையில் அது மணலாய்ப் போயிற்று. மறுநாள் வேறொன்று கட்டினோம்.

கைவினைஞன் செய்யும் சிற்றுருவும் நம்மிடம் உண்டு. குளங்களில் முளைக்கும் நெட்டியின் வெண்சோற்றைச் சீவிச் சீவித் தஞ்சைப் பெரிய கோயிலைச் செய்யும் கலைஞர்கள் தஞ்சாவூரில் இருக்கிறார்கள். அவர்களது நெட்டி வேலைக்கு இந்தியாவிற் புவிசார் குறியீடும் அண்மை ஆண்டுகளிற் கிடைத்தது. அதை வாங்குகிறவன் குறைந்தபட்சம் ஒருவனது விரல்களின் பொறுமையையும் சேர்த்து வாங்குகிறான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதியோரம் விற்கும் அம்மம்மாக் குழலும் அத்தகையதே. அதை ஊதிக்கொண்டு வீடு திரும்பிய பிள்ளைக்கு அதுதான் நல்லூர். அதிலே கோபுரமும் இல்லை, மணிக்கூண்டும் இல்லை.

தாஜ்மகால் முடிந்த அன்று மாலை பேரன் கேட்டான்: "அம்மப்பா, சிங்கப்பூருக்கும் இப்பிடி ஒரு பெட்டி இருக்கு. யாழ்ப்பாணத்துக்கு ஏன் இல்லை?"

சிங்கப்பூருக்கு உண்டு என்பது உண்மைதான்; 2022இல் வந்தது. வானளாவிய வங்கிக் கட்டடங்களும் மூன்று கோபுரங்களின் தலையிற் கப்பல்போல் அமர்ந்த விடுதியும் அதிலே இருக்கின்றன. நமக்கு இல்லை. இருந்தால் எதைச் செய்வார்கள் என்று நாங்கள் இருவரும் விரலை மடக்கி எண்ணினோம். நல்லூர்க் கோபுரம், 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் ஞாபகமாக எழுப்பப்பட்ட மணிக்கூட்டுக் கோபுரம், போர்த்துக்கேயர் எழுப்பி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாகத் திருத்திய கோட்டை. பேரன், "லைபிரரி! வெள்ளையாய் இருக்குதே, டோம் இருக்குதே, அதுதான் நல்லது" என்றான். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

அவன் சொன்னதிற் தவறில்லை. வெண்மையும் குவிமாடமும் சமச்சீரும் உள்ள கட்டடம் பெட்டிக்குள் அடக்குவதற்கு எளிது. ஆயின் எந்த நூலகத்தை அடக்குவது? 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலே தொடங்கி, அடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி வீதியிற் சிறு வாசிகசாலையாகிய நூலகத்தையா? பலரிடமும் பணம் சேர்த்து, 1954இல் அடிக்கல் நாட்டி, சென்னைச் சிற்பி நரசிம்மனின் வரைபடத்தின்படியும் நூலகவியலறிஞர் இரங்கநாதனின் ஆலோசனையின்படியும் எழுந்து 1959 ஒக்டோபர் 11இல் திறக்கப்பட்ட நூலகத்தையா? 1981ஆம் ஆண்டில் ஓர் இரவு, மாவட்ட சபைத் தேர்தற் கடமைக்கென்று கொண்டுவரப்பட்ட பொலிசாரும் காடையரும் மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஏட்டுச் சுவடிகளோடும் கருகி நின்ற சுவர்களையா? அத்தீயைத் தொலைவிலிருந்து கண்ட முதிய அறிஞர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் துறந்தார். அக்கருகிய சுவர்களைப் பிற்காலப் போரின் குண்டுகளும் துளைத்தன. அல்லது இன்று நிற்கும் நூலகத்தையா?

இன்று நிற்பது 1990களின் இறுதியில் அரசு தொடங்கிய புனரமைப்பினால் வந்தது. அதன் முன்னோடியாகத் தென்னிலங்கையிலே 'ஒரு நூலும் ஒரு செங்கல்லும்' என்றோர் இயக்கம் நடந்தது. தீ வைத்தவர்களின் மொழியைப் பேசும் எளிய மக்கள் பலர், தம் பிள்ளைகளின் கையால் ஒரு நூலையோ ஒரு கல்லின் பெறுமதியையோ கொடுத்தார்கள். அவர்களது நல்லெண்ணத்தை ஐயுறுபவன் நானல்லன். எனினும் அதே வேளையிற் போர் நடந்துகொண்டிருந்தது; அக்கல்லைச் சேர்த்த அரசே குண்டையும் சேர்த்துக்கொண்டிருந்தது. எரிந்த கட்டடத்தை எரிந்தபடியே நினைவுச் சின்னமாக விடவேண்டும் என்று நம்மவர் பலர் வாதிட்டனர். வெள்ளையடித்தால் வரலாறும் வெளுத்துவிடும் என்று அஞ்சினர். 2003இல் திறப்பு விழா எதிர்ப்பினால் தடைப்பட, மாநகர சபையினர் பதவி துறந்தனர். பின்னரே கதவு திறந்தது.

இவ்வாதத்தில் நான் நெடுங்காலம் எரிந்த சுவரின் பக்கமே நின்றேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. நூலகம் நூல் வாசிப்பதற்குரியது. பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்கு மேசையும் விளக்கும் வேண்டும். கருகிய சுவரைக் காட்டி, "இதை வாசி" என்று அப்பிள்ளையிடம் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆயினும் தெற்கிலிருந்து பேருந்துகளில் வருவோர் அவ்வெள்ளைக் கட்டடத்தின் முன்னின்று படம் பிடித்துக்கொண்டு போவதைக் காணும்போதெல்லாம், அவர்கள் எடுத்துச் செல்வது எதை என்ற கேள்வி மனத்தை உறுத்தாமல் இல்லை. கட்டைகளால் ஆன மாளிகைக்கு ஓர் இலக்கணம் உண்டு: கலைத்தாலும் மறுபடி அப்படியே கட்டலாம். கலைந்ததற்குத் தடயம் இராது, எவரும் குற்றவாளியாகார். விளையாட்டின் களங்கமின்மை இதிலேதான் இருக்கிறது. அந்தக் களங்கமின்மையை உண்மையான கட்டடத்துக்கும் ஏற்றி, 'மறுபடி கட்டிவிட்டோமே, இன்னும் என்ன?' என்று கேட்பதிலேதான் பிழை தொடங்குகிறது.

இதற்கு எதிர்மாறான கொடுமையையும் நாம் கண்டோம். போர் முடிந்து ஏ9 வீதி திறந்த பின்னர், கிளிநொச்சியிலே வீழ்த்தப்பட்டுக் கிடந்த பெரிய நீர்த்தாங்கியை விழுந்த கோலத்திலேயே காட்சிப் பொருளாக்கினார்கள். அருகே ஞாபகப் பொருட் கடை ஒன்றும் வைத்தார்கள். தண்ணீர் குடித்த ஊர் மக்கள் தறப்பாளின் கீழ் இருந்த காலம் அது. வெள்ளையடித்தாலும் மறைக்கலாம், விழுந்தபடி விட்டாலும் விற்கலாம் என்பதை அங்கே கற்றுக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பயணிகள் வாங்கிச் செல்லும் மற்றப் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புழுக்கொடியல், குட்டானில் அடைத்த பனங்கட்டி, நல்லெண்ணெய், சாயமிட்ட ஓலைப் பெட்டிகள். பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இருந்து வருகிறது. சார்வோலை வார்ந்து கண்மங்கப் பெட்டி இழைக்கும் பெண்ணுக்கு அப்பெட்டியின் விலையில் எத்தனை பங்கு போய்ச் சேர்கிறது என்பதை மட்டும் வாங்குகிறவர்கள் கடைக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

பயணி எடுத்துச் செல்லும் பொருள் ஒருவகை. ஓடுகிறவன் எடுத்துச் செல்லும் பொருள் வேறொருவகை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் மழையில் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எவர் கையிலும் எதன் சிற்றுருவும் இருக்கவில்லை. காணி உறுதி இருந்தது, திறப்பு இருந்தது, அடையாள அட்டை இருந்தது. சிலர் கலியாணப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி நெஞ்சுக்குள் வைத்திருந்தனர். பூட்டிய கதவு இன்று இல்லை. திறப்பு மட்டும் சிலரது அலுமாரியில் இன்னும் இருக்கிறது. அதையும் ஞாபகப் பொருள் என்றே அகராதி சொல்லும்.

எங்கள் குடும்பம் அதற்கும் ஐந்தாண்டு முன்பே, 1990இலே, வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியது. அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்த பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது எங்கள் வளவும் திரும்பக் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. அது இடிக்கப்பட்டு, கல்லும் மரமும் ஓடும் எங்கோ போய்விட்டிருந்தன. அத்திவாரக் கோடும் கிணற்றுக் கட்டும் தெரிந்தன. அங்கேதான் பேரனையும் மகளையும் ஒரு நாள் கூட்டிச் சென்றேன்.

பற்றைக்குள் நின்று அவனுக்கு வீட்டைக் காட்டினேன். இல்லாத வீட்டைக் காட்டுவது முதியவர்களுக்குக் கைவந்த கலை. இது விறாந்தை, இது சாமியறை, இது குசினி, இந்த இடத்திலேதான் உன் அம்மா தவழ்ந்தாள் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அவன் புல்லுக்குள்ளிருந்து ஒரு சீமெந்துக் கல்லின் பாதியைக் கிளறி எடுத்தான். "இது எங்கட வீட்டுக் கல்லோ? யார் கட்டினது?" என்று கேட்டான்.

"என்ர அப்பா கட்டினது. 1957ஆம் ஆண்டு" என்றேன்.

"அவர் மேசனோ?"

"இல்லை, வாத்தியார்."

"அப்ப, கல்லை யார் செய்தது?"

கட்டைகளோடு மூன்று நாள் மாரடித்த பிள்ளைக்கு இக்கேள்வி இயல்பாகவே வந்தது. கட்டுகிறவன் என்றால் கையால் பொருத்துகிறவன் என்று அவன் கற்றிருக்கிறான். நம் மொழியிலோ பணம் கொடுத்தவனே கட்டியவன். ஷாஜகான் கட்டினான் என்கிறோம். இருபதினாயிரம் பேர் உழைத்ததாகச் சொல்லப்படுகிறது. என் தகப்பனார் கட்டினார் என்றேன். அவர் ஒரு கல்லும் அரிந்தவரல்லர்.

யாழ்ப்பாணத்திலே வீடு கட்டுவது எவ்வாறென்பதை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். செங்கல்லுக்கேற்ற களிமண் இங்கே அரிது. ஆகவே பழைய வீடுகள் சுண்ணக் கல்லால் எழுந்தன. 1950இற் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிய பின்னர் வளவுக்குள்ளேயே கல்லரியும் வழக்கம் பரவியது. மணலும் சீமெந்தும் அளவாக நீர் விட்டுக் குழைத்து, அச்சிற் கொட்டி, இடித்து இறுக்கி, கவிழ்த்து, நிழலில் அடுக்கி, நாள்தோறும் தண்ணீர் தெளித்து ஊறவிட வேண்டும். சீதனத்துக்கு வீடு கொடுக்க வேண்டிய தகப்பன் மகள் பிறந்த ஆண்டிலேயே கல்லரியத் தொடங்குவான். பணமுள்ளபோது அரிவது, இல்லாதபோது நிறுத்துவது. வேலியோரம் பாசி பிடித்து அடுக்கியிருக்கும் கற்களைக் கொண்டே ஒரு குடும்பத்தின் வரவு செலவை அறிந்துகொள்ளலாம். போருக்குப் பின்னர் இந்திய அரசின் வீட்டுத் திட்டம் குடும்பமொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்து, 'நீங்களே கட்டுங்கள்' என்றபோது மக்கள் கடன்பட்டும் கட்டினார்கள். அதன் பின்னர் 65,000 உருக்கு வீடுகளைத் துண்டுகளாகக் கொண்டுவந்து பொருத்தித் தருகிறோம், ஒன்றுக்கு இருபது இலட்சத்துக்கு மேலாகும் என்று ஒரு திட்டம் வந்தது. அந்தப் பணத்திற் கல்வீடு இரண்டு கட்டலாம், நம் மேசன்மாருக்கும் கூலி கிடைக்கும் என்று நம்மவர் எதிர்த்தார்கள். கையேட்டோடு வரும் வீடு வேண்டாம் என்று மக்கள் சொன்னது எனக்கு மகிழ்ச்சியே.

ஆயின் என் பேரனின் கேள்விக்கு இது விடையன்று.

எங்கள் வளவில் கல்லரிந்தவரை எனக்குத் தெரியும். எனக்கு அப்போது எட்டு வயது. அவர் தம் மகனையும் கூட்டிக்கொண்டு விடியற் காலையில் வருவார். மகனுக்கு என் வயதுதான் இருக்கும். துலா மிதித்துத் தண்ணீர் அள்ள அவர்களுக்கு அனுமதியில்லாமையால், எங்கள் வீட்டார் எவரேனும் அள்ளி ஊற்ற, அவன் வாளியில் ஏந்திக்கொண்டு போவான். அவர்கள் தாழ்த்தப்பட்ட மக்கள். தேநீர் சிரட்டையில் ஊற்றப்பட்டது. ஐம்பது வயதை நெருங்கிய அம்மனிதரை எட்டு வயதுப் பொடியனாகிய நான் 'நீ' என்று கூப்பிட்டேன். அவர் என்னை 'நயினார்' என்றார். அவர் பெயரின் பாதியே எனக்குத் தெரியும். மறுபாதியை எங்கள் வீட்டில் எவரும் உச்சரித்ததில்லை. வீடு முடிந்து பால் காய்ச்சிக் குடிபுகுந்த நாளன்று அவர் வந்தார். முற்றத்து வேம்பின் கீழே நின்றார். தாம் அரிந்த கற்களால் ஆகிய சுவருக்குள்ளே அவர் ஒருநாளும் காலெடுத்து வைத்ததில்லை. அவரது சொந்த வீடு மண் சுவரும் பனையோலைக் கூரையும் கொண்டது.

1966 ஒக்டோபர் 21இல் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்டபோதும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் உள்ளே விடும்படி கேட்டு நின்று அடிபட்டபோதும், நான் இளைஞன். அவர்கள் பக்கமே பேசினேன், எழுதினேன். ஆயினும் எங்கள் வீட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் கல்லரிந்தவர் அந்நினைவுக்குள் வந்ததில்லை. இழந்த வீட்டைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசி வருகிறேன். கூட்டங்களிற் பேசினேன், புலம்பெயர்ந்த உறவினருக்குக் கடிதம் எழுதினேன். விறாந்தை, மாமரம், கிணறு, அம்மாவின் தையல் இயந்திரம் எல்லாம் அவற்றில் வந்தன. கல்லுக்குள் இறுகியிருந்த கை வரவில்லை. என்னை அறியாமலே என் வீட்டுக்கு ஒரு சிற்றுருவைச் செய்து மனத்துக்குள் வைத்திருந்தேன். சிற்றுருவிலே சுவர் இருக்கும், கூரை இருக்கும், சுவரை எழுப்பியவன் இருக்கமாட்டான். படியேற விடாமல் அவனை நிறுத்தியவனும் இருக்கமாட்டான். அழகானவை மட்டுமே அளவுக்குச் சிறுக்கும் போலும்.

நம் வீட்டை இடித்தவர்களின் குற்றத்தை இது ஒரு இம்மியும் குறைக்காது. அநீதி செய்யப்பட்டவன் வேறொரு அநீதியைச் செய்தவனாகவும் இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டால், நம் கோரிக்கையின் வலு குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். நான் அவ்வாறு அஞ்சவில்லை. காணியைத் திருப்பிக் கேட்கும்போது, அக்காணியிற் கிணறு தொட உரிமையற்றிருந்தவனின் பேரப்பிள்ளைகள் இன்று எந்தக் காணியில் இருக்கிறார்கள் என்றும் கேட்கத்தான் வேண்டும். இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இறுதிவரை தங்கிப்போனவர்களிற் காணியில்லாதவர் எத்தனை பேர் என்பதைப் பார்த்தவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று.

நூலகத்துக்கும் இதுவே பொருந்தும். தொடங்கியவர், வரைந்தவர், ஆலோசனை கூறியவர் ஆகியோரின் பெயர்களை மேலே வரிசையாக எழுதினேன். 1954 தொடக்கம் 1959 வரையில் அந்தக் குவிமாடத்தின் சாரத்திலே ஏறி நின்றவர்களின் பெயர் ஒன்றைத்தானும் என்னால் எழுத முடியவில்லை.

"ஒருவர் அரிந்தார். அவர் பெயர் எனக்கு முழுசாய்த் தெரியாது" என்று பேரனிடம் சொன்னேன். சிரட்டையைப் பற்றியும் சொன்னேன். மகள் குறுக்கிட்டு, "அப்பா, சின்னப் பிள்ளைக்கு ஏன் இதெல்லாம்?" என்றாள். அவன், "ஏன் உள்ளுக்கு விடேல்லை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கார் மருதனார்மடம் வரும் வரையிற் கேட்டான். நான் சொன்ன காரணங்கள் எவையும் அவனுக்குக் காரணங்களாகப் படவில்லை.

அப்பாதிக் கல்லை அவன் மடியில் வைத்துக்கொண்டே வந்தான். ரொறன்ரோவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றான். விமானத்திற் பாரம் கூடும், சுங்கத்திற் கேள்வி வரும் என்று தாய் மறுத்தாள். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு தாஜ்மகாலையும் கழற்ற வேண்டியிருந்தது. முழுதாகப் பெட்டிக்குள் வைக்க முடியாது. கழற்றும்போது அந்த வெள்ளைத் துண்டுகளை வைத்து வேறேதோ கட்டிக்கொண்டிருந்தான். கையேடு மூலையிற் கிடந்தது. விறாந்தையும் ஒரு பக்கத்துச் சுவரும் உள்ள வீடு போலிருந்தது. வாசலிலே கதவு வைக்கவில்லை. என்னவென்று நான் கேட்கவில்லை. பத்து மணிக்குத் தாய் வந்து எல்லாவற்றையும் வாரிப் பையில் போட்டுவிட்டாள்.

கல் என் மேசைமேல் இருக்கிறது. சென்ற கிழமை மதில் திருத்த வந்த மேசன் அதை எடுத்துப் பார்த்தார். நகத்தாற் சுரண்டினார், காதருகே வைத்து விரலாற் தட்டினார். "இது மெசினிலை அடிச்ச கல் இல்லை, ஐயா. கையாலை இறுக்கினது. நல்லா இறுக்கியிருக்கிறார். இப்ப அரியிற கல்லு இப்பிடிச் சத்தம் குடுக்காது" என்றார். பின்னர், "ஆர் அரிஞ்சது?" என்று கேட்டார். அவரை உள்ளே வந்து கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த பாதிப் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் சிலரைத் தமக்குத் தெரியும், விசாரித்துப் பார்க்கிறேன் என்றார்.